நான்காம் மாடிச் சாவி

லிஃப்ட் இல்லாத கட்டடம்.
எண்பத்தாறு படிகள்.
ஜெனோவா துறைமுகத்தின் உப்புக் காற்று
மூன்றாம் மாடி வரை சுவரை அரித்திருக்கிறது.
எங்கள் மாடிக்கு இன்னும் ஏறி வரவில்லை.

அழைப்பு மணி கெட்டு ஆறு வருஷம்.
யார் வந்தாலும் ஜன்னலைத் திறந்து
பழைய காலுறைக்குள் சாவியைப் போட்டு
கீழே எறிவது ஒர்னெல்லாவின் வேலை.
ஒரு நாளும் குறி தப்பியதில்லை.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள்.
இருபது டன் பெட்டியை
முட்டை போல இறக்கி வைத்தவள்.

பிப்ரவரியில், காப்பி பொங்குகிற நேரத்தில்,
அவள் உடம்பில் ஒரு பக்கம்
மின்சாரம் போயிற்று.

மருத்துவமனை அவளை
ஒரு சக்கர நாற்காலி, ஒரு மாத்திரைப் பட்டியல்,
ஒரே ஒரு சொல் இவற்றோடு
திருப்பி அனுப்பியது.
வியாழன்.
தண்ணீர் வேண்டுமா? வியாழன்.
வலிக்கிறதா? வியாழன்.
தப்பான சட்டையை நான் எடுத்து வந்தால்
வியாழன் வியாழன் வியாழன்.
அது வசவு என்பது மட்டும்
எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

வாரத்துக்கு மூன்று தடவை ரொடிகா வந்தாள்.
மால்டோவாக்காரி, பக்கவாதம் வந்தவர்களுக்குப்
பயிற்சி கொடுக்கிறவள்.
மூச்சு வாங்காமல் படியேறினாள்.
அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.
முதல் நாளே கம்பளத்தைச் சுருட்டி
என் கையில் திணித்தாள்.
"செத்த கைக்கு என்ன செய்யலாம்?" என்றேன்.
"அவளுக்குக் காது கேட்கும்" என்றாள்.

பொத்தான் போட நான் குனிந்தபோது,
"டூலியோ, கைகளின் மேல் உட்காருங்கள்."
உட்கார்ந்தேன்.
ஒரு பொத்தானுக்குப் பதினொரு நிமிடம்.
என் உள்ளங்கைகளில்
நாற்காலிப் பிரம்பின் கட்டங்கள் பதிந்தன.

படகில் என் பாதியைத் தம்பிக்கு விற்றேன்.
அந்தக் காசு
ரொடிகாவின் மணிகளாகக் கரைந்தது.
ஒவ்வொரு மணியின் கீழும்
அவள் கையெழுத்து, நீல மசியில்.

கோடையில் வலக் கை பிடிக்கக் கற்றது.
பஞ்சு, கரண்டி, ஒரு முறை என் மூக்கு.
விடத்தான் தெரியவில்லை.
பிடித்த கரண்டியை
விரல் விரலாகப் பிரித்து மீட்க வேண்டும்.
"பிடிப்பது சுலபமான பாதி" என்றாள் ரொடிகா.
மணிக்கட்டைக் கீழே சாய்க்கணும்.
மூச்சை விடணும்.
அப்புறம் காத்திருக்கணும்.
அக்ரூட் கொட்டை ஒன்றைக் கையில் கொடுத்து
கீழே பாத்திரத்தை வைத்து
சத்தத்துக்காக மூவரும் காத்திருந்தோம்.
பல நாள் சத்தமே இல்லை.

ஓர் இரவு நான் ஏமாற்றினேன்.
அவள் கண் அசந்தபோது விரலை நெம்பி
கொட்டையை நானே விழவைத்து,
"பார், விட்டுவிட்டாய்!" என்றேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.
அந்தப் பார்வையில் வியாழன் கூட இல்லை.

அக்டோபர். முகத்தில் சவர நுரையோடு நான்.
கீழே ரொடிகா கூப்பிடுகிறாள்.
ஈரக் கையைத் துடைப்பதற்குள் கேட்டது:
தடி. கால். தடி. கால்.
ஜன்னல் வரை பதினான்கு தப்படி.
நான் கதவோரம் நின்றேன்,
கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

காலுறையை அவள் பிடித்திருந்தது
வலக் கையில்.
கை சட்டத்தைத் தாண்டி வெளியே போயிற்று.
ஒரு ஸ்கூட்டர் போயிற்று.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதி ஓய்ந்தது.
கீழே ரொடிகா கழுத்தை அண்ணாந்து
ஒரு வார்த்தை பேசவில்லை.
மணிக்கட்டு சாய்ந்தது.
முதலில் சுண்டுவிரல்,
பிறகு வெகு நேரம் எதுவுமில்லை,
பிறகு மற்றதெல்லாம்.

சாவி ரொடிகாவை அடையவில்லை.
இரண்டாம் மாடி ஜெம்மாவின்
திருநீற்றுப்பச்சைத் தொட்டியில் போய் விழுந்தது.
ஜெம்மா ஊரைக் கூட்டினாள்.
ஒர்னெல்லா எட்டிப் பார்த்து
தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:
"வெள்ளி!"

அன்று செவ்வாய்க்கிழமை.
நான் திருத்தவில்லை.
மாற்றுச் சாவி எந்த இழுப்பறையில் என்று
தேடிக்கொண்டிருந்தேன்,
பாதி முகம் நுரையோடு.
அவள் ஜன்னலோரத்தில்
வெறும் கையை நீட்டியபடி
இன்னொன்று கேட்டுக்கொண்டிருந்தாள்.